மெக்சிகோ அரசியல் நாடகம்: வாசிப்பு அரங்குக்கு எந்தப் பிரதி, எப்படிச் செய்வது?

கூடத்துவிளக்கு கேட்டது:

மெக்சிகோவின் இன்றைய அரசியல் நாடகங்களில் ஒன்றைத் தமிழில் வாசிப்பு அரங்காகச் செய்ய வேண்டும். எல்லை தாண்டிப் போகிறவர்கள், காணாமல் போகிறவர்கள், அடையாளம் இழப்பவர்கள் இவர்களைப் பற்றியதாக இருக்க வேண்டும். வாசிக்க நான்கு பேர், ஒரு ப்ரொஜெக்டர், 50 நிமிடம். மேடை கிடையாது, வெறும் கூடம்.

எந்தப் பிரதியிலிருந்து தொடங்கலாம்? 'அமாரியோ' நாடகத்தின் காட்சிகளைப் பார்த்ததிலிருந்து அந்த மணலும் தண்ணீர்க் கேன்களும் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதைச் சிறிய அளவில் செய்ய முடியுமா? கொயோத்தே, பொயேரோ, லெவந்தோன் மாதிரி சொற்களைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது? கொலைகளை எந்த அளவுக்குக் காட்டலாம்?

---

பக்கத்திரை எழுதியது:

முதலில் ஒரு பிரிவினை. நீங்கள் தேடுகிற நாடகங்களில் பாதிக்குப் 'பிரதி' என்று தனியே எடுத்து வாசிக்க எதுவும் இல்லை. தெயாத்ரோ லீனேயா தே சோம்ப்ரா குழுவின் 'அமாரியோ' (2009), லகார்த்திஹாஸ் தீராதாஸ் அல் சோல் குழுவின் 'எல் ருமோர் தெல் இன்செந்தியோ' (2010) போன்றவை பொருட்களாலும் உடலாலும் நேரடிக் கேமராவாலும் ஆனவை. வசனத்தை மட்டும் உருவி வாசித்தால் சக்கை மிஞ்சும். நான்கு பேர், ஒரு கூடம் என்றால் சொல்லிலேயே நிற்கிற பிரதிதான் வேண்டும். அப்படி நான்கு.

'எல் வியாஹே தே லோஸ் கன்தோரெஸ்', ஊகோ சல்செதோ. 1989இல் ஸ்பெயினின் திர்சோ தே மொலினா பரிசு பெற்றது. 1987 ஜூலை 2 அன்று டெக்சஸின் சியெரா பிளாங்கா அருகே பூட்டிய சரக்கு ரயில் பெட்டிக்குள் 18 பேர் மூச்சுமுட்டி இறந்த சம்பவம். தரையில் ஓட்டை போட்டு அதன் வழியாக மூச்சு வாங்கிய ஒருவர் மட்டும் பிழைத்தார். நாடகத்தின் காட்சி வரிசையைச் சீட்டுக் குலுக்கி மாற்றிக்கொள்ள ஆசிரியரே இடம் தருகிறார். அது வித்தை இல்லை. சாவு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் 'அடுத்து என்ன' என்ற கேள்வி செத்து, 'ஏன் ஏறினார்கள்' என்ற கேள்வி எழும். ஆனால் பாத்திரங்கள் அதிகம், நான்கு குரல் போதாது.

'பாபா எஸ்தா என் லா அத்லாந்திதா', ஹவியெர் மல்பிகா. இரண்டு சிறுவர்கள், அமெரிக்காவுக்குப் போன அப்பா. அப்பா இருக்கும் அட்லாண்டாவைப் பிள்ளைகள் அட்லாண்டிஸ் என்று பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டே குரல். எளிது என்று நினைத்துத்தான் பலர் வழுக்குகிறார்கள். பெரியவர்கள் மழலையாக வாசித்தால் பத்தாவது நிமிடத்தில் கூடம் நெளியும். குரலை மாற்றாமல் வேகத்தை மட்டும் மாற்ற வேண்டும்.

'லா முஹேர் கே காயோ தெல் சியேலோ', விக்தோர் ஊகோ ரஸ்கோன் பந்தா (1948–2008). சிவாவா மலைகளைச் சேர்ந்த ஒரு ராராமுரிப் பழங்குடிப் பெண், அவள் பேசுவது யாருக்கும் புரியாததால் கன்சாஸில் மனநல மருத்துவமனையில் பத்தாண்டுக்கும் மேல் அடைபட்டுக் கிடந்த உண்மைச் சம்பவம். ஸ்பானிஷ், ஆங்கிலம், ராராமுரி மூன்றும் மோதுகிற நாடகம். இதில் எல்லாரும் செய்யும் தவறு, ராராமுரி வரிகளையும் மொழிபெயர்த்துவிடுவது. அல்லது திரையில் அர்த்தம் போடுவது. பார்வையாளருக்குப் புரிந்துவிட்டால் மருத்துவர்களை எளிதாகத் திட்டிவிட்டு நல்லவர்களாக வீடு திரும்பிவிடுவார்கள். புரியாமல் உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்த மருத்துவர் நாற்காலியில் நாமே இருப்பது உறைக்கும்.

நான்காவது, என் தேர்வு: 'அன்தீகொனா கொன்சாலெஸ்', சாரா உரிபே, 2012. தமவ்லிபாஸ் மாநிலத்தில், சான் பெர்னாந்தோவில் 2010 ஆகஸ்டில் 72 குடிபெயர்வோர் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள், 58 ஆண்கள், 14 பெண்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே வட்டாரப் புதைகுழிகளிலிருந்து 193 உடல்கள் எடுக்கப்பட்டன. பழைய கிரேக்க நாடகத்தில் தடையை மீறி உடன்பிறந்தவனை அடக்கம் செய்பவள் அன்தீகொனா. இந்தப் பின்னணியில் அவள் பெயரைத் தாங்கிய ஒரு பெண் தன் உடன்பிறந்தவன் ததேயோவின் உடலைத் தேடுகிறாள். நடிகையும் நெறியாளருமான சாந்த்ரா முன்யோஸ் கேட்டுக்கொண்டதால் மேடைக்கென்றே எழுதப்பட்டது. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் கவிதை போல இருக்கும். ஒரு பக்கத்தில் ஒரே வரி, மீதி வெள்ளை. அந்த வெள்ளையை எப்படி வாசிப்பது என்பதுதான் உங்கள் வேலை.

---

மணல்மூட்டை எழுதியது:

'அமாரியோ'வைச் சிறிதாகச் செய்யலாமா என்றால், அதே நாடகத்தைச் செய்ய வேண்டாம். அது ஹோர்ஹே வர்காஸ் நெறியாள்கையில் அந்தக் குழுவின் உடம்பில் உருவானது. டெக்சஸிலுள்ள அமரிலோ ஊருக்குக் கிளம்பியவன் போய்ச் சேரவே இல்லை. ஒரே நடிகர் பல பெயர்களை எடுத்துக்கொண்டு பின்னாலுள்ள பெரிய சுவரில் ஏறி விழுந்துகொண்டே இருக்கிறார். அந்தச் சுவரே திரையும் ஆகிறது. தலைப்பையும் கவனியுங்கள். அமெரிக்கர் வாயில் அது ஓர் ஊர், ஸ்பானிஷ் வாயில் 'மஞ்சள்'. ஒரே எழுத்து, எல்லை தாண்டியதும் உச்சரிப்பும் பொருளும் மாறிவிடுகிறது.

ஆனால் பொருட்களை வைத்து யோசிக்கும் முறையைக் கற்றுக்கொள்ளலாம். நடைமுறைக் கணக்கைச் சொல்கிறேன்.

தண்ணீர்: ஒரு கேலன் 3.78 லிட்டர், கேனோடு நான்கு கிலோ என்று வையுங்கள். பாலைவனம் கடக்கிறவன் இரண்டு கைக்கு இரண்டு கேன் தூக்கலாம், எட்டு கிலோ. வெயிலில் நடக்கிறவனுக்கு அது இரண்டு நாளுக்கும் காணாது. நடை அதற்கு மேலும் நீளும். இதை யாரும் வசனமாகச் சொல்ல வேண்டியதில்லை. வாசிப்பவர் இரண்டு நிரம்பிய கேன்களைப் பிடித்தபடி நின்று வாசிக்கட்டும். நான்காவது நிமிடத்தில் கை நடுங்கும், குரலும் கூடவே. காலிக் கேனை வைத்து நடிக்காதீர்கள். முதல் வரிசைக்கு உடனே தெரிந்துவிடும்.

நிறம்: மேடையில் கேன்கள் வெள்ளையாக, ஒளி ஊடுருவி அழகாக மின்னும். ஆனால் சொனோரா மாநிலத்தின் அல்தார் ஊரில் பாலைவனம் கடப்பவர்களுக்கு விற்கும் கேன்கள் கறுப்பு. வெயிலிலும் நிலவிலும் மின்னினால் எல்லைக் காவலர் கண்ணில் படும் என்பதால் அப்படி. கால்தடம் பதியாமலிருக்க அடியில் கம்பளம் தைத்த செருப்புறைகளும் அங்கே விற்பனைக்கு உண்டு. ஆக, மேடைக்கு ஒளி வேண்டும், வாழ்க்கைக்கு இருட்டு வேண்டும். கூடத்தில் செய்வதானால் நான் கறுப்புக் கேனைத்தான் எடுப்பேன். ப்ரொஜெக்டர் வெளிச்சத்தை அது விழுங்கிவிடுவதே காட்சியாகும்.

மணல்: மேலிருந்து மணல் கொட்டும் ஆசை எல்லாருக்கும் வரும். 10 லிட்டர் உலர்மணல் 16 கிலோ. தலைக்கு மேலே தொங்கவிடுவதானால் முதன்மைக் கயிறு போக, தனியாக ஒரு பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம். வழக்கமான தோல்விகள் மூன்று. மணலில் ஈரம் இருந்தால் துளை அடைத்துக்கொண்டு பாதி நாடகத்தில் நின்றுவிடும், பிறகு மொத்தமாகக் கொட்டும். சலிக்காத மணலின் தூசி ப்ரொஜெக்டர் விசிறிக்குள் போகும், வாசிப்பவர் தொண்டைக்குள்ளும் போகும். தண்ணீரும் மணலும் ஒரே தரையில் கலந்தால் வழுக்கும். இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள். 50 நிமிட வாசிப்புக்குத் தரையில் ஒரு வாளி மணல் போதும்.

---

சொற்பொறுக்கி எழுதியது:

மொழிபெயர்ப்பு பற்றி. பெயர்களை ஆங்கிலம் வழியாக எடுக்காதீர்கள். ஜுவாரெஸ் இல்லை, ஹுவாரெஸ். ஜார்ஜ் இல்லை, ஹோர்ஹே. ஓக்ஸாகா என்றால் அந்த ஊர்க்காரருக்கே புரியாது, ஒஹாக்கா. ஸலாபாவும் அப்படித்தான், ஹலாப்பா.

'தெசபரெசீதோ': இதைக் 'காணாமல் போனவர்' என்று எழுதினால் நாடகமே கவிழும். ஸ்பானிஷில் 'மறைந்துபோனான்' என்பது செயப்படுபொருள் வேண்டாத வினை. மெக்சிகோக்காரர்கள் அதை வளைத்து 'லோ தெசபரெசியேரோன்' என்கிறார்கள், யாரோ அவனை மறையச் செய்தார்கள் என்று. தமிழில் நமக்கு அந்த வேறுபாடு தயாராகவே கையில் இருக்கிறது: காணாமல் போனவர், காணாமல் ஆக்கப்பட்டவர். அதிகாரி பேசும்போது முன்னது, குடும்பம் பேசும்போது பின்னது என்று பிரித்துக் கொடுங்கள். ஒரே காட்சியில் இந்த இரண்டு சொற்களும் மோதினால் போதும், விளக்கமே வேண்டாம்.

'லெவந்தோன்': ஆயுதக் கும்பல் ஆளை அள்ளிப் போவது. 'கடத்தல்' என்று போட்டால் பணம் கேட்டு யாரோ தொலைபேசியில் பேசப்போகிறார்கள் என்று பார்வையாளர் காத்திருப்பார். இங்கே பெரும்பாலும் அந்த அழைப்பே வராது. 'தூக்கிட்டாங்க' என்பதுதான் சொல். வேரும் அதேதான், தூக்குதல்.

காசு வாங்கிக்கொண்டு ஆட்களைத் திருட்டுத்தனமாக எல்லை தாண்டவைப்பவன் 'பொயேரோ', கோழிக்காரன். அவன் கூட்டிப் போகிறவர்கள் 'போயோஸ்', கோழிகள். 'ஏஜென்ட்' என்றால் நமக்கு உடனே புரியும், ஆனால் பாஸ்போர்ட்டும் விமான டிக்கெட்டும் வாசனை அடிக்கும். முதல்முறை 'கோழிக்காரன்' என்று போடுங்கள், பாத்திரங்கள் 'நாம கோழிங்க' என்று ஒருமுறை சொன்னால் ஒட்டிக்கொள்ளும். அதே ஆளுக்கு இன்னொரு பெயரான கொயோத்தேயை அப்படியே விடலாம்.

'எல் ஓத்ரோ லாதோ' என்பதற்கு 'அந்தப் பக்கம்'. 'அக்கரை' என்று எழுதக் கை பரபரக்கும். எல்லையிலுள்ள ரியோ பிராவோ ஆற்றைக் கடக்கிற கதை என்றால் சரி, சொனோரா பாலைவனக் கதை என்றால் கரை ஏது? 'மொஹாதோ', நனைந்தவன், இதற்கும் அதே எச்சரிக்கை.

'லா மான்யா' என்று தமவ்லிபாஸ் பக்கம் கும்பலைச் சொல்வார்கள், சூது, தந்திரம் என்ற பொருளில். பெயரைச் சொல்லப் பயம். 'கார்ட்டெல்' என்று தெளிவாக மொழிபெயர்த்தால் அந்தப் பயம் போய்விடும். 'அவங்க' போதும்.

இன்னொரு சிக்கல். 'எர்மானோ' என்பதில் அண்ணனா தம்பியா என்று கிடையாது. தமிழ் உங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பிரதி முழுவதையும் வயதுக் குறிப்புக்காக ஒருமுறை அலசுங்கள். முடிவு கிடைக்காவிட்டால் 'உடன்பிறந்தவன்'. 'சகோதரன்' வேண்டாம், செய்தித்தாள் நெடி. அதைச் செய்திக் குரலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

---

கூடத்துவிளக்கு எழுதியது:

நன்றி. 'அன்தீகொனா கொன்சாலெஸ்' என்று முடிவு. இப்போதைக்கு வைத்திருக்கும் யோசனை: பின்னால் சான் பெர்னாந்தோ செய்திப் படங்கள், முன்னால் ஒருவர் ஒப்பாரி நடையில் வாசிப்பது, மற்ற மூவர் பக்கத்துணை. கூடவே, 'திஹுவானா' நாடகத்திலிருந்து பத்து நிமிடம் சேர்த்தால் குடிபெயர்வின் கூலிப் பக்கமும் வருமே?

---

பக்கத்திரை எழுதியது:

செய்திப் படங்கள் வேண்டாம். ஒழுக்கம் பேசவில்லை, அரங்கக் காரணம். சவத்தின் படம் திரையில் வந்த நொடியில் யாரும் சொல்லைக் கேட்க மாட்டார்கள். இந்தப் பிரதி சொல்லால் மட்டுமே உடலைக் கட்டுகிறது: உயரம், உடை, கண்டெடுத்த இடம். அப்படித்தான் தேடுகிற குடும்பங்களுக்கும் உடல் வந்து சேருகிறது, முதலில் ஒரு பட்டியலாக.

ஒப்பாரி இன்னும் ஆபத்து. நம் காதுக்கு ஒப்பாரி என்றால் பிணம் நடுவீட்டில் கிடத்தியிருக்கிறது. இவளுக்குப் பிணமே இல்லை. அழ இடம் கிடைக்காதவளின் கதை இது. அலுவலக வரிசையில் நின்று மனு கொடுக்கிறவளின் வறண்ட குரலில் தொடங்குங்கள். முப்பதாவது நிமிடம்வரை குரல் உடையவே கூடாது.

குரல் பிரிப்பு இப்படி. முதலாமவர் அன்தீகொனா மட்டும், வேறு எதுவும் வாசிக்கக்கூடாது. இரண்டாமவர் செய்திக் குறிப்புகளும் உடல் விவரங்களும், ஏற்ற இறக்கம் இல்லாமல். மூன்றாமவர் பிற அன்தீகொனாக்கள்: இந்தப் பிரதி சோபோக்ளீஸ், மரியா சம்பிரானோ, அர்ஜெண்டினாவின் லெயோபோல்தோ மரெச்சால், கிரிசெல்தா கம்பாரோ என்று பலரிடமிருந்து வரிகளை எடுத்துத் தைத்தது, எடுத்ததை மறைக்காமல் பின்குறிப்பில் சொல்லவும் செய்கிறது. நான்காமவர் பயந்து ஒதுங்கும் குடும்பத்தார், அதிகாரிகள், கேள்விகள். நால்வரும் சேர்ந்து பேசும் இடம் ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது வைத்தால் பள்ளிக்கூட ஆண்டுவிழா ஆகிவிடும்.

நேரம்: தமிழில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 90 சொல். 50 நிமிடத்தில் பத்து நிமிடம் மௌனத்துக்கு ஒதுக்கினால் சுமார் 3,600 சொல். பிரதி அதற்கு மேல் போனால் பத்திகளைச் சுருக்காதீர்கள், ஒரு பகுதியை முழுதாக எடுத்துவிடுங்கள். வெள்ளை இடங்களுக்கு முன்கூட்டியே எண்ணிக்கை வையுங்கள்: வெற்றுவரிக்கு மூன்று நொடி, முழு வெள்ளைப் பக்கத்துக்குப் பத்து. எண்ணாமல் 'உணர்ந்து' விடச் சொன்னால் பதற்றத்தில் எல்லாரும் ஒரு நொடியில் ஓடிவிடுவார்கள். இதுவே இந்தப் பிரதியில் அதிகம் தவறுகிற இடம்.

ப்ரொஜெக்டரில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக இடமும் ஆண்டும் மட்டும், ஐந்து நொடி. வாசிப்பவர் அதைத் திரும்பச் சொல்லக்கூடாது.

---

மூன்றாம்மணி எழுதியது:

'திஹுவானா'வைச் சேர்க்காதீர்கள், வேறு மரம் அது. லகார்த்திஹாஸ் குழுவின் கபீனோ ரொத்ரிகெஸ், சந்தியாகோ ரமீரெஸ் என்ற பெயரில் வடக்கு எல்லை நகரான திஹுவானா போய் ஆறு மாதம் குறைந்தபட்சக் கூலியில் தொழிலாளியாக வாழ்வதைப் பற்றிய தனிநடிப்பு, 2016. 'மெக்சிகோவில் ஜனநாயகம்' என்ற தொடரின் ஒரு பகுதி. பாப்லோ கொன்சாலெஸ் கசனோவாவின் 1965ஆம் ஆண்டு நூலிலிருந்து எடுத்த தலைப்பு, 32 மாநிலங்களுக்கு 32 படைப்பு என்று திட்டம். அதன் அடிப்படைக் கேள்வியே 'திரும்பிப் போக வீடு உள்ளவன் இல்லாதவனாக நடிக்கலாமா' என்பது. அந்தக் கேள்வியைக் கேட்க அந்த உடல் மேடையில் நிற்க வேண்டும். வேறொருவர் பத்து நிமிடம் வாசித்தால் வெறும் பயணக் கட்டுரை.

என்றைக்காவது செய்தால் எண்ணைக் கவனியுங்கள். 2016இல் நாளொன்றுக்குக் குறைந்தபட்சக் கூலி 73.04 பெசோ. 2019 ஜனவரியில் வடக்கு எல்லைப் பகுதிக்கு மட்டும் தனி விகிதம் வந்து 176.72 ஆனது, 2025இல் 419.88. ஆண்டைச் சொல்லாமல் பழைய எண்ணை வாசித்தால் பொய், புதிய எண்ணைப் போட்டால் நாடகம் சொன்னது வேறு.

பக்கத்திரையோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். 'எல் ருமோர்' போன்றவற்றை வாசிப்பில் சக்கை என்று தள்ளிவிட முடியாது. அதில் லூயிசா பார்தோ 1960, 70களின் ஆயுதப் போராட்டக்காரி மார்கரீத்தா உரியாஸின் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் அது தன் அம்மா என்கிறார். பொம்மைகளைக் கேமராவில் பெரிதாக்கிக் காட்டும் உத்திகள் எல்லாம் இருந்தாலும், அடி விழுவது அந்த ஒரு சொல்லில்தான். சாட்சிக்கும் சாட்சி சொல்பவருக்கும் என்ன உறவு என்பதை எப்போது வெளியிடுவது என்ற பாடம் வாசிப்பு அரங்குக்கும் பொருந்தும். உங்கள் நால்வரும் யார், ஏன் இதை வாசிக்கிறார்கள் என்பதை முன்னுரையில் கொட்டாதீர்கள்.

இன்னொன்று, எல்லாம் இழவு என்று முடிவுகட்ட வேண்டாம். ஹெசுசா ரொத்ரிகெஸும் லிலியானா ஃபெலிபேயும் 1990 முதல் 2005 வரை மெக்சிகோ நகரின் கொயோவகானில் 'எல் ஆபித்தோ' என்ற அரங்கை நடத்தினார்கள்; அதே இடத்தை 'எல் விசியோ' என்று லாஸ் ரெய்னாஸ் சூலாஸ் குழுவினர் தொடர்ந்தார்கள். பாட்டும் நையாண்டியும் கலந்த அரசியல் காபரே. அதிபரையும் ஆயரையும் கிழித்துத் தொங்கவிட்ட இடம். சியாப்பாஸில் 1994இல் பெத்ரோனா தே லா க்ருஸும் இசபெல் ஹுவாரெஸும் தொடங்கிய ஃபோம்மா குழுவில் மாயா பழங்குடிப் பெண்களே ஆண் வேடமும் கட்டி, ஊரைவிட்டு நகரத்துக்குப் போகும் கதையைச் சிரிக்கச் சிரிக்கப் போடுவார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஹெமிஸ்பெரிக் இன்ஸ்டிட்யூட் காணொளிக் காப்பகத்தில் இந்த இரண்டு தரப்பின் நிகழ்வுகளும் உண்டு. ஒத்திகைக்கு முன் நால்வரும் பாருங்கள், குரலில் ஏறியிருக்கும் பாரம் கொஞ்சம் இறங்கும்.

---

சொற்பொறுக்கி எழுதியது:

அனுமதியை யாரும் சொல்லவில்லை. மெக்சிகோவில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 100 ஆண்டு வரை. ஆகவே மேலே சொன்ன எதுவும் பொதுவெளிக்கு வரவில்லை. நாடகாசிரியர்களின் நிகழ்த்துரிமையைப் பலமுறை சோகெம் என்ற எழுத்தாளர் சங்கம் கையாளும். கவிஞர்களின் நூல் என்றால் ஆசிரியருக்கோ பதிப்பகத்துக்கோ நேரடியாக எழுதுங்கள்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: எந்த மொழி, எத்தனை நிகழ்வு, இருக்கைகள் எத்தனை, நுழைவுக் கட்டணம் உண்டா, பதிவுசெய்து இணையத்தில் போடுவீர்களா, மூலத்திலிருந்தா ஆங்கிலம் வழியாகவா மொழிபெயர்ப்பு. கடைசியதை மறைக்காதீர்கள். 'அன்தீகொனா கொன்சாலெஸ்' ஆங்கிலத்தில் ஜான் ப்ளூக்கர் மொழிபெயர்ப்பாக 2016இல் வந்தது. அதன் வழியாகச் செய்தால் அவர் அனுமதியும் தனியே வேண்டும். வெட்டப்போகும் பகுதிகளின் பட்டியலையும் இணைத்துவிடுங்கள். எடுத்தாளப்பட்ட வரிகளுக்கு மூலம் சொல்லும் பின்குறிப்பை நிகழ்ச்சித் தாளில் அச்சடிக்கப்போவதாக எழுதினால் நல்லது. அதை வெட்டினால் மூன்றாமவர் வாசிக்கிற அத்தனை வரிகளும் திருடினது போல ஆகிவிடும்.